மழையை அளப்போர்

மதுரைக்கும் மழைக்கும் உள்ள உறவு பழையது, பிணக்கும் பழையது. வையையின் புதுப்புனலைப் பாடுவதற்கென்றே பரிபாடலில் தனிப் பாடல்கள் உள்ளன. திருவிளையாடற் புராணத்திலோ அதே வையை கரையை உடைக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். வந்தி என்னும் மூதாட்டியின் பங்குக்கு ஆள் இல்லாமற் போனதிலிருந்து கதை விரிகிறது. இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் பிட்டையும் பிரம்படியையும் பற்றியே கேட்பர். கரையை அளந்து வீடுதோறும் பங்கிட்டுக் கொடுத்த அந்த ஏற்பாட்டைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. நாமும் பல்லாண்டுகள் அதனைச் சொல்லாமலே கடந்து சென்றிருக்கிறோம்.

2024 அக்டோபர் 25ஆம் நாள் அந்த அளவையைப் பற்றி நம்மை எண்ண வைத்தது. அன்று காலை 8.30 மணி முதல் மாலை 5.30 மணி வரை மதுரையில் பெய்த மழை 9.8 சென்டிமீட்டர். அதில் பிற்பகல் 3 மணிக்கும் 3.15 மணிக்கும் இடைப்பட்ட கால் மணி நேரத்தில் மட்டும் 4.5 சென்டிமீட்டர் கொட்டியது. செல்லூர்க் கண்மாயின் நீரை வைகைக்குக் கொண்டு செல்ல வேண்டிய பந்தல்குடி வாய்க்கால் அந்த வரத்தைத் தாங்கவில்லை. வடகரைக் குடியிருப்புகள் நீரில் நின்றன. செல்லூர் நெசவாளர் வாழும் ஊர். தறிக்குழியில் நீர் நின்றால் பாவு கெடும். பாவு கெட்டால் அவ்வாரத்துக் கூலி போகும். அப்பகுதியிலிருந்து வரும் நம் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தபோது அவர் கையில் ஊறி உப்பிய குறிப்பேடு ஒன்றிருந்தது. அதே வரிசையில் அவருக்கு அருகில் அமரும் மாணவர் பேரையூர்ப் பக்கத்துச் சிற்றூரினர். 'எங்கள் ஊர்க் கண்மாயில் இன்னும் மாடு மேய்கிறது, ஐயா' என்றார் அவர். ஒரே மாவட்டம், ஒரே வாரம், ஒரே இருக்கைப் பலகை. ஒருவர் வீட்டில் முழங்கால் நீர். மற்றவர் ஊரில் புழுதி.

இவ்விரண்டையும் இருவேறு துன்பங்களாகக் காண்பது நம் வழக்கம். வறட்சி என்றால் ஓர் அலுவலகம், வெள்ளம் என்றால் மற்றோர் அலுவலகம். உண்மையில் மதுரைச் சமவெளியின் வானமே அத்தன்மையது. மேற்கு மலைத் தொடரின் மறைவில் கிடக்கும் நிலம் இது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தைப் பெரும்பாலும் மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு வருகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 85 சென்டிமீட்டர் அளவில் மழை பெறும் இந்நிலத்தில் அது நாள்தோறும் அளந்து பெய்வதில்லை. பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் மேகம் திரண்டு, ஒரு தெருவை நனைத்து மறு தெருவை விட்டுவிடும் வெப்பச்சலன மழை இங்கு மிகுதி. அண்ணா நகரில் கொட்டும் மழையைத் திருப்பரங்குன்றத்தில் இருப்பவர் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்து கொள்வதை மதுரைவாசிகள் அறிவர். இத்தகைய ஊரில் 'மாவட்டச் சராசரி' என்னும் எண் எவருக்கும் பொருந்துவதில்லை. செல்லூருக்கும் பேரையூருக்கும் சராசரி கண்டால் இருவரும் நலமாயிருப்பதாகக் கணக்கு வரும்.

ஆகவேதான் அண்மைக் காலத்தில் பெருகியுள்ள வானிலை ஆர்வலர் என்னும் கூட்டத்தாரைப் பற்றி இம்மலரில் எழுத விழைந்தோம். இவர்கள் வானிலைத் துறை அலுவலர் அல்லர். ஆசிரியர், கணக்கர், பொறியாளர், மாணவர் எனப் பலரும் இவர்களுள் உளர். செயற்கைக்கோள் படத்தையும் ரேடார் படத்தையும் மழைமானிக் கணக்கையும் இரவெல்லாம் விழித்திருந்து பார்ப்பதே இவர்களுக்கு இன்பம். 'தமிழ்நாடு வெதர்மேன்' என்ற பெயரில் எழுதிவரும் பிரதீப் ஜான் இவர்களுள் யாவரும் அறிந்தவர். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவான அந்நாள்களில், மக்கள் அவர் எழுத்தைத் தேடிப் படித்தனர். அதற்கு முன்னர் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் எஸ்.ஆர்.ரமணன் தொலைக்காட்சியில் தோன்றினாலே நாளை விடுமுறை என்று மாணவர் மகிழ்ந்தனர். அவர் 2016இல் ஓய்வு பெற்றார். மழைச் செய்தியைக் கேட்பதோடு நின்ற தலைமுறை அதனைத் தானே தேடும் தலைமுறையாக மாறியது ஏறத்தாழ அக்காலத்திலேதான்.

இவர்களை வேலையற்றோர் என்று இகழும் பெரியவர்கள் நம் ஆசிரியர் ஓய்வறையிலேயே இருக்கின்றனர். மழையை அளப்பது நம் மரபுக்குப் புதிதன்று என்பதை அப்பெரியவர்களுக்கு நினைவூட்டலாம். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் மழையளக்கும் கலத்தைப் பற்றிப் பேசுகிறது. அது களஞ்சியப் பொறுப்பாளரின் கடமையோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. மழையளவு தெரியாமல் விளைச்சலும் வரியும் தெரியா என்பதே கருத்து. கொரியாவில் செஜோங் மன்னர் 1441ஆம் ஆண்டிலேயே மழைமானி செய்வித்து ஊர்தோறும் வைத்தார். நம் உழவர்களிடமோ 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்ற அளவை இருந்தது. முற்றத்து உரலில் நின்ற நீரைப் பார்த்தும், மண்வெட்டியால் கொத்தி ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியுள்ளது என்று பார்த்தும் அவர்கள் மழையைக் கணித்தனர். இவ்வளவையில் ஒரு சிறப்புண்டு. சென்டிமீட்டர் வானத்திலிருந்து விழுந்ததைச் சொல்கிறது. உழவு மழை மண் ஏற்றுக்கொண்டதைச் சொல்கிறது. இவ்விரண்டாம் அளவை இன்று எவரிடமும் இல்லை என்பது நம் குறை.

எண்ணின் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வானிலைத் துறையின் வகைப்பாட்டில் ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்வது கனமழை. 12 முதல் 20 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. இக்கணக்கின்படி மதுரையைத் தத்தளிக்க வைத்த மழை வெறும் கனமழை. ஏணியின் முதற்படி! பலரும் அதனை மேகவெடிப்பு என்று எழுதினர். ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் அளவில் பெய்தால்தான் துறையினர் அச்சொல்லை வழங்குவர். அன்று ஒன்பது மணி நேரத்திலும் சேர்ந்தே 9.8தான். ஆனால் வாய்க்கால் வகைப்பாட்டைப் படிப்பதில்லை. கால் மணி நேரத்தில் 4.5 சென்டிமீட்டர் வந்தால் அதற்கு மூச்சுத் திணறுகிறது. நாள் முழுவதற்குமான எண்ணுக்குள் இந்தக் கால் மணி நேரம் ஒளிந்து கொள்கிறது. அதனை வெளியே எடுத்துக் காட்ட நிமிடக் கணக்கில் பதியும் தானியங்கி மழைமானி வேண்டும். அதனைக் கண்கொட்டாமல் பார்த்து 'செல்லூரார் எழுந்திருங்கள்' என்று சொல்லும் ஆர்வலரும் வேண்டும்.

அந்த 4.5 சென்டிமீட்டரை வீட்டுக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடி மாடியின்மேல் அவ்வளவு மழை பெய்தால் நாலாயிரம் லிட்டருக்கு மேல் நீர் சேரும். பதினைந்து லிட்டர்க் குடம் என்று கொண்டால் ஏறத்தாழ 280 குடம். பங்குனி சித்திரையில் குடத்துக்கு விலை கொடுத்து வாங்கும் அதே வீட்டின் மாடியிலிருந்து, ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் 280 குடம் நீர் தெருவுக்குப் போய், தெருவிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்தது. மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கித் தமிழக அரசு 2003ஆம் ஆண்டிலேயே அவசரச் சட்டம் பிறப்பித்தது. அன்று பொருத்திய குழாய்கள் பல இன்று சுவரோடு நிற்கின்றன. அவற்றின் கீழே குழி இருக்கிறதா என்று அவரவர் வீட்டில் பார்த்துக் கொள்க. நம் வீட்டில் இல்லை. பூச்செடித் தொட்டி வைத்திருக்கிறோம்.

நகருக்குள் நீர் ஏன் தங்குகிறது என்பதற்கு விடை ஊர்ப் பெயர்களிலேயே உள்ளது. தல்லாகுளம், பீபிகுளம், சொக்கிகுளம், ஆத்திகுளம் என்று எத்தனை குளம்! பெயரில் நீர் இருக்கிறது. தரையில் கட்டடம் இருக்கிறது. தென்கரையில் கிருதுமால் என்று ஒரு நதி உண்டு. இளைஞர் அதனைச் சாக்கடை என்றே அறிவர். பெய்த மழை தன் பழைய முகவரியைத் தேடி வருகிறது. அங்கே நாம் குடியிருக்கிறோம். ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் சங்கிலி அமைப்பு பாண்டி நாட்டின் பெருஞ்செல்வம். தமிழ்நாட்டிலுள்ள ஏரி, கண்மாய்கள் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை என்பர். நகரில் சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் நகரில் வெள்ளம். அதன் கீழுள்ள ஊரில் வறட்சி. செல்லூர் மாணவரின் குறிப்பேடு நனைந்ததற்கும் மேயும் மாடுகளுக்கும் இடையே இப்படியொரு உறவு உண்டு.

வறட்சியின் நினைவும் நமக்குப் புதிதே. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழகம் பெற வேண்டிய 44 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர் அளவே பெய்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றனவாக அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் வைகை அணையில் எஞ்சிய நீர் ஆவியாகாமல் காக்கத் தெர்மோகோல் அட்டைகளை மிதக்க விட்டதும், காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கியதும் நாடறிந்த நகைச்சுவை. நாமும் சிரித்தோம். அந்த அட்டைகளுக்குக் கீழே கிடந்த நீர் எவ்வளவு என்று கேட்டவர் சிலர். அவர்களுள் பெரும்பாலார் இந்த ஆர்வலர்களே. அணை மட்டம், நீர்வரத்து, கழிவு ஆகியவற்றை நாள் தவறாமல் குறித்து வைத்திருந்தவர்கள் அவர்கள்.

மழை வேண்டித் தொழுவதும் அத்தகைய ஆண்டுகளில் நடைபெறும். திறந்தவெளியில் கூடி நின்று மழைத் தொழுகை தொழுத நினைவு இம்மலரைப் படிக்கும் பெரியவர்களுக்கு இருக்கும். அத்தொழுகையோடு நாம் நினைவிற் கொள்ள வேண்டிய நிகழ்ச்சி ஒன்று ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. வறட்சியால் கால்நடைகள் மடிகின்றன, மழைக்கு வேண்டுங்கள் என்று ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட, மழை பெய்தது. ஒரு வாரம் விடவில்லை. அடுத்த வெள்ளியன்று உடைமைகள் அழிகின்றன என்ற முறையீடு வந்தது. அப்போது நாயகம் அவர்கள் மழையே வேண்டாம் என்று வேண்டவில்லை. எங்கள் மீது வேண்டா, எங்களைச் சுற்றிலும் குன்றுகளிலும் ஓடைகளிலும் பெய்யட்டும் என்ற பொருள்பட வேண்டினார்கள். நீர் எங்கே விழ வேண்டும் என்ற தெளிவு அதில் இருக்கிறது. மதுரையின் வேண்டுதலும் அதுவாகவே இருக்க முடியும்: வருசநாட்டு மலையில், கண்மாய் வரத்துக்காலில்.

உமறுப் புலவர் சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைத் தமிழ் மருத நிலமாகவே படைத்துக் காட்டினார். மழை பொழிந்து வெள்ளம் பெருகி வயல் விளையும் அந்நாடு மணல்வெளியில் இல்லை என்று குறை காண்போர் உண்டு. வறண்ட எட்டயபுரக் கரிசலை அறிந்த புலவர் அவர். மழையில்லா நிலத்தவர்க்குத்தான் மழையைப் பாட அவ்வளவு ஆசை வரும் என்று நமக்குத் தோன்றுகிறது. இது ஆய்வு முடிபன்று. நம் எண்ணம் மட்டுமே.

அக்கரிசலுக்கும் தெற்கே, கடலோரத்துக் காயல்பட்டினத்தில் நடந்ததை நம் சமுதாயத்தார் எளிதில் மறவார். 2023 டிசம்பர் 18ஆம் நாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே பெய்த மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. அம்மாவட்டம் ஓராண்டு முழுதும் பெறும் சராசரி மழையை விட ஒரே நாளில் காயலில் பெய்தது மிகுதி. தாமிரவருணி கரை கடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் எண்ணூறு பேர் வரை சுமந்துகொண்டு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. முன்னறிவிப்பு போதுமானதாக இருந்ததா என்று ஒன்றிய, மாநில அரசுகளிடையே பின்னர்ச் சொற்போர் நிகழ்ந்தது. அதில் எவர் பக்கம் நியாயம் என்று கூறுவது நம் வேலையன்று. ஊரில் ஒரு மழைமானி இருந்தமையால்தான் 95 என்னும் எண் நமக்குக் கிடைத்தது என்பதையே சுட்ட விரும்புகிறோம். அது இல்லையேல் 'பேய்மழை' என்றொரு சொல் மட்டும் எஞ்சியிருக்கும். சொல்லைக் கொண்டு பாலம் கட்டும் பொறியாளர் இல்லை.

ஆர்வலர்பால் நமக்குக் குறையும் உண்டு. 'சாதனை மழை', 'சதம் அடித்தது' என்று கிரிக்கெட் ஓட்டம் போல எண்ணிக் களிக்கும் போக்கு சிலரிடம் காணப்படுகிறது. அந்த எண்ணின் மறுபுறம் ஒருவருடைய அடுப்பு மிதக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். வேறு சிலர் பெயர் பெற வேண்டிப் புயலை முன்கூட்டியே உருவாக்கிவிடுகின்றனர். கடலில் தோன்றாத தாழ்வு நிலை இவர்கள் எழுத்தில் தோன்றிவிடுகிறது. அதனை நம்பி அறுவடையை முந்திக்கொண்ட உழவருக்கு எவர் விடை சொல்வது? பிழைத்த கணிப்பைப் பிழை என்று மறுநாள் ஒப்புக்கொள்பவரையே நாம் நம்ப வேண்டும். மேலும் ஆர்வலர் கூட்டம் பெரிதும் சென்னையைச் சூழ்ந்தது. மதுரையில் ரேடாரும் இல்லை. இராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் புதிய ரேடார் அமைக்கும் திட்டத்தை அரசு அறிவித்துள்ளது. அது தென்பாண்டிக்குக் கண் கிடைத்தது போலாகும். ஆனால் ரேடார் மேகத்தைக் காணுமேயன்றி, தரையில் விழுந்த நீரை அளந்து சரிபார்க்க மழைமானியே வேண்டும்.

இங்கேதான் பிற நாட்டார் செய்தது நமக்கு வழி காட்டும். இங்கிலாந்தில் சைமன்ஸ் என்பவர் 1860இல் தன்னார்வலரைக் கொண்டு மழையளக்கத் தொடங்கினார். 1900இல் அவர் மறைந்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அளந்து கொண்டிருந்தனர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போர்ட் காலின்ஸ் என்னும் கல்லூரி நகரில் 1997 சூலை 28இல் பெருமழை பெய்து ஐவர் இறந்தனர். நகரின் மேற்கே 35 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சில கிலோமீட்டர் கிழக்கே அதில் சிறு பங்கு. பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் இலட்சக்கணக்கான நூல்கள் நனைந்தன. அதன்பின் 1998இல் வீட்டுக்கு ஒரு மழைமானி என்று அங்கே தொடங்கிய தொண்டு நாடெங்கும் பரவியது. பள்ளிச் சிறுவரும் அதில் அளக்கின்றனர். நம் அண்டையில், கேரளத்து மீனச்சில் ஆற்றங்கரை மக்கள் தாமே மழைமானி வைத்து, மேற்கரையில் பெய்ததைக் கீழ்க்கரையினருக்கு அறிவித்து வருகின்றனர். வந்தியின் பங்குக் கரை இவ்வாறு வேறு வடிவில் திரும்பி வந்துள்ளது.

இம்முயற்சியில் நம் சமுதாயப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு மகல்லாவிலும் பள்ளிவாசல் இருக்கிறது. திறந்த மாடி இருக்கிறது. நாள்தோறும் நேரம் தவறாத மோதினார் இருக்கிறார். காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து ஒரு சிறு ஏட்டில் எழுத அவரைவிடத் தகுந்தவர் யார்? கோயிலும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் இவ்வாறே செய்யக்கூடும். நிவாரணத்துக்கு அரிசி திரட்டுவதில் நம் ஜமாஅத்துகள் ஒருபோதும் பின்தங்கியதில்லை. இது அரிசிக்கு முந்திய வேலை. மோதினாருக்கு இதற்கென ஒரு சிறு தொகை சேர்த்துக் கொடுத்தால் அதுவும் நன்று. அவருடைய ஊதியம் எவ்வளவு என்பது நாமறிந்ததே.

தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று முதல்வர் அவர்கள் நம்மைப் புன்முறுவலோடு கேட்டார். இயற்பியல் துறையாரின் வேலையன்றோ என்பது அவர் கருத்து. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், வெப்பச்சலனம், வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி ஆகிய சொற்கள் இன்று தேநீர்க் கடையில் வழங்குகின்றன. எந்தக் கலைச்சொல் குழுவும் சாதிக்காததை மழை சாதித்திருக்கிறது. மறுபுறம் உழவு மழை, ஆடிச் சாரல், தூவானம், மறுகால், கலிங்கு, வரத்துக்கால் ஆகிய சொற்களுக்கு நம் மாணவர் அகராதி தேடுகின்றனர். கலிங்கு எது என்று தெரியாதவர் அதன்மேல் வீடு கட்டுவதில் வியப்பில்லை. இச்சொற்களை ஊர் ஊராகச் சென்று முதியோரிடம் கேட்டுத் திரட்டுவதை இவ்வாண்டு மூன்றாமாண்டு மாணவரின் களப்பணியாக வைத்துள்ளோம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் எனப் பகுதி பிரித்தாயிற்று. பேரையூர்ப் பக்கத்து மாணவரின் பாட்டனார் மடை திறக்கும் வேலை பார்த்தவராம். அவரிடமிருந்தே தொடங்கலாம் என்றிருக்கிறோம்.

மழைமானியும் வாங்கியாயிற்று. சுவரும் மரமும் மறைக்காத வெட்டவெளி வேண்டும் என்பதால் நூலகத்துக்குத் தெற்கே, வேம்புக்கு எட்டத் தள்ளி அதனை நிறுத்தியுள்ளோம். சுற்றிலும் ஆடு நுழையாதபடி கம்பி வேலி. பதிவேட்டைச் செல்லூர் மாணவர் தம் பொறுப்பில் வைத்திருக்கிறார். மழையில்லா நாளில் என்ன எழுதுவது, விட்டுவிடலாமா என்று முதல் வாரத்தில் அவர் கேட்டார். விடக்கூடாது, பூச்சியம் என்று எழுதி ஒப்பமிட வேண்டும் என்றோம். இதனை எழுதும்வரை அவ்வேட்டில் பத்தொன்பது வரிகள் நிறைந்துள்ளன. பதினெட்டில் பூச்சியம், ஒன்றில் 3 மில்லிமீட்டர்.